ஆச்சி பெயரைச் சொல்லி விற்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர்கள் இருக்கிற ஒரு ஃபேஸ்புக் குழுவில் நானும் அப்பாவும் இருக்கிறோம். மணிமுத்தாறில் குளிக்க விடுகிறார்களா, பாளையில் நல்ல பல் டாக்டர் யார் என்று எதைக் கேட்டாலும் யாராவது பதில் சொல்வார்கள். போன ஆடியில் ஒருவர் தன் அம்மாவுக்குச் சர்க்கரை குறையவே இல்லை என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரு பெண்ணின் பதில்: ‘எங்க ஆச்சிக்கு 20 வருசமா சுகர். இந்தப் பொடிய ஒரு மண்டலம் சாப்பிட்டாவ, இப்ப மாத்திறையே கிடையாது.’ கீழே நாலைந்து பேர், எங்க வீட்லயும் இதான் என்று.

நம்ம ஊர்ப் பிள்ளை, பொய்யா சொல்லும் என்று அப்பா பொடியை வாங்கி, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் தலைசுற்றி விழுந்தபோது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடினேன். மதுரைக்காரர்கள் குழு ஒன்றில் அதே பொடி, அதே மண்டலம். ஆச்சி அங்கே அப்பத்தா ஆகியிருந்தார், ‘சாப்பிட்டாவ’ என்பது ‘சாப்பிட்டாக’ ஆகியிருந்தது, எழுதியவரின் பெயரும் படமும் வேறு, ஆனால் மாத்திரைக்குப் போட்ட அந்த ‘றை’ மட்டும் மாறவே இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பாளை மார்க்கெட்டில் தன் கத்தரிக்காயைத் தானே கூவி விற்பவரை யாரும் குறை சொல்வதில்லை, விற்பவர் என்று தெரிந்துதான் காது கொடுக்கிறோம். இவர்கள் அதைத்தானே மறைக்கிறார்கள்! சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 1954ஆம் வருடத்துச் சட்டம் தடை போட்டிருக்கிறது, அதனால்தான் விளம்பரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டு வருகிறது. பரிந்துரை செய்கிறவருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இருந்தால் வெளியே சொல்லியாக வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு நெறிமுறை கொண்டுவந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். சரி, பொய்ப் பெயரில் எழுதுகிறவரை எங்கே போய்ப் பிடிப்பது? பொடி விற்ற காசு யார் கைக்குப் போகிறதோ அவரைத்தான் பிடிக்க வேண்டும், விளம்பர ஏஜென்சிக்காரர் செய்தது என்று அவர் கைகழுவ விடக்கூடாது.

குழுவை நடத்துகிறவர்களிடம் சொன்னேன், அந்தப் பதிவை எடுத்துவிட்டார்கள். அது போதாது. ஏன் எடுத்தோம் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும், அப்பா மாதிரி இன்னும் எத்தனை பேர் படித்தார்களோ. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த எண்ணை உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாராவாரம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா அந்த டப்பாவை இன்னும் தூக்கிப் போடவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருக்காது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை