லங்கடின் ஐந்து ரூபாயைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நாவல்களை நாடகமாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய பார்வையாளருக்கு ஏற்ப மாற்றாவிட்டால் அரசியல் கிண்டல் மேடையில் எடுபடாது என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்ரீலால் சுக்லவின் 'ராக் தர்பாரி' நாவலை நாடகமாகப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வங்கி வேலையாக லக்னோவில் ஆறு வருடம் இருந்தேன். நான் தட்டுத் தடுமாறி முழுசாகப் படித்த ஒரே இந்தி நாவல் அது. அங்கே ஒரு குழு அதை மேடையேற்றியபோது ஆசையாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். கதையில் ஊரையே ஆட்டிவைக்கிற பெரிய மனிதர் வைத்தியஜி கையில் ஸ்மார்ட்போன், நடுவில் ஒரு தொலைக்காட்சி விவாதம், காட்சிக்குக் காட்சி இன்றைய தலைவர் யாராவது ஒருவரின் குரலில் மிமிக்ரி. கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் தட்டியவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிடிக்காத கட்சியை நினைத்துத்தான் தட்டினார்கள். 1968-ல் வந்த அந்த நாவலைப் படிக்கும்போது அந்தச் சௌகரியம் நமக்குக் கிடைப்பதில்லை. கதை நடக்கிற சிவபால்கஞ்ச் கிராமத்தில் நாமும் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

வைத்தியஜியை வில்லனாக்கியதுதான் பெரிய தப்பு. ஊர்க் கல்லூரி, கூட்டுறவு சங்கம் எல்லாம் அவர் கையில். சங்கத்தில் கோதுமை கையாடல் நடந்ததும் அவர் என்ன சொல்கிறார்? இதுவரை இங்கே கையாடலே நடக்காததால் ஊர் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தது, இப்போது நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டோம், நாம் யோக்கியர்கள் என்று நிரூபணமாகிவிட்டது என்கிறார். அப்புறம் நஷ்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்று தீர்மானம் வேறு. இதைப் பிரம்மச்சரியத்தின் பெருமை பேசுகிற அதே சாந்தமான குரலில் சொல்ல வேண்டும். அந்த நடிகரோ கண்ணை உருட்டி, ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தான் சொல்வதை வைத்தியஜி நம்புகிறார் என்பதில்தானே சிரிப்பும் பயமும் இருக்கின்றன?

சுக்ல உத்தரப் பிரதேச அரசில் அதிகாரியாக இருந்துகொண்டே இதை எழுதியவர். கதை சொல்கிற குரலில் பாதி, கோப்பில் குறிப்பு எழுதுகிற தொனி. முதல் பக்கத்தில் ஒரு லாரி நிற்கிறது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நடுரோட்டில் நிற்பதாகப் போலீஸ் சொல்லலாம், மறுபக்கமிருந்து பார்த்தால் ஓரமாக நிற்பதாக டிரைவர் சொல்லலாம். இந்தக் குரலுக்கு மேடையில் ஒரு கட்டியங்காரன் வேண்டும். அவரை வெட்டிவிட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நாவலில் பாதி போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், மேடைக்கென்றே செய்தது போன்ற இடத்தையும் வெட்டிவிட்டார்கள். வைத்தியஜி வீட்டில் பாங் என்கிற போதை இலையை அரைக்கிற சனீச்சர் கிராமத் தலைவராவது 'மகிபால்பூர் முறை'யில். தேர்தல் அதிகாரியின் கடிகாரம் வேகமாக ஓட வேண்டும், அவ்வளவுதான். நம்ம ஆட்கள் முன்னாலேயே வந்து ஓட்டுப் போட்டுவிடுவார்கள், மற்றவர்கள் வரும்போது நேரம் முடிந்திருக்கும். ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டி முள்ளை நகர்த்தினால் அரங்கம் அதிராதா? இவர்கள் அங்கே ஒரு ஓட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

லங்கட் விஷயத்துக்கு வருகிறேன். தாசில் அலுவலகத்தில் ஒரு நகல் வாங்க வந்த கால் ஊனமுற்ற மனிதர். குமாஸ்தா ஐந்து ரூபாய் கேட்கிறார், இவர் இரண்டுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். பேச்சு முற்றி, லஞ்சமே கொடுக்காமல் விதிப்படி வாங்குவேன் என்று இவரும், வாங்காமல் விதிப்படியே கொடுப்பேன் என்று அவரும் சபதம் போடுகிறார்கள். அப்புறம் விதி தன் வேலையைக் காட்டுகிறது. கடைசியில் நகல் தயாரானதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது லங்கட் காய்ச்சலில் படுத்திருக்கிறார். எழுந்து வருவதற்குள் கெடு முடிந்து நகலைக் கிழித்துவிடுகிறார்கள். நாடகத்தில் இந்த ஐந்து ரூபாயை ஐந்தாயிரம் ஆக்கியிருந்தார்கள். ஐந்தாயிரம் என்றால் ஏழையின் கஷ்டம், நாம் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். மூன்று ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு மனிதன் ஆயுளையே தாசில் வாசலில் கரைப்பது வேறு விஷயம்.

முடிவில், நகரத்திலிருந்து வந்து வைத்தியஜி வீட்டில் தங்கியிருக்கும் படித்த இளைஞர் ரங்கநாத் எங்களைப் பார்த்து வீர உரை ஆற்றினார். நாவலில் அவர் ஊரை விட்டு ஓடத்தான் பார்க்கிறார். கடைசியில் காதில் விழுவது குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம்.

'தர்பாரி ராகம்' என்ற பெயரில் இந்த நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. நம் குழுக்கள் யாராவது எடுத்துச் செய்தால் டிக்கெட் வாங்கிப் பார்க்க நான் தயார். உடையையும் வட்டார வழக்கையும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும். லங்கடின் ஐந்து ரூபாய் மட்டும் ஐந்து ரூபாயாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
ஸ்ரீரங்கம்