அந்த மிஷின் பதினைந்து நாள் சும்மா இருக்கட்டும்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

என் உயிர்த்தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. ஆடி பிறக்கப் போகிறதில்லையா, எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. எடுத்த துணியை எல்லாரும் நேரே என் மேசைக்குக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். இன்றைக்குத்தான் தையல் மிஷினை மூடிவிட்டு உட்கார முடிந்தது.

சர்க்கரை இருப்பது தெரிந்து ஆறு மாதமாகிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம், பையன் டிரெட்மில், டம்பெல், ரப்பர் பட்டை எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறான், திங்கட்கிழமையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் ஓடப் போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கோபம் போய் பயம் பிடித்துக்கொண்டது. தயவுசெய்து அந்தத் திங்கட்கிழமையைத் தள்ளிப்போடு. உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த டிரெட்மில் மிஷின் இன்னும் பதினைந்து நாள் சும்மா நிற்கட்டும்.

என் தோள் போன கதையை உனக்கு இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. போன வருஷம் எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார்கள். அன்று ராத்திரியே பையனுடைய 5 கிலோ டம்பெல் இரண்டையும் எடுத்துக்கொண்டு, செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு, தலைக்கு மேல் தூக்கத் தொடங்கினேன். நாம் அடிபம்பில் தண்ணீர் அடித்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக மாடி ஏறியவர்கள்தானே, 5 கிலோ எம்மாத்திரம் என்ற நினைப்பு. ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சுறுசுறுப்பாகக்கூட இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு காலை, பிளவுஸ் கொக்கியைப் போட கையைப் பின்னால் கொண்டுபோகிறேன், போகவில்லை. தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் திருப்பினால் தோளிலிருந்து முழங்கை வரை ஊசி ஏறுகிற மாதிரி வலி. மூன்று வாரம் ஒரு துணி தைக்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிசியோதெரபிக்குப் போனபோது அங்கிருந்த பெண் சொன்னது எனக்கு இன்னும் பாடமாக இருக்கிறது. நம் மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற நாணும் மூட்டும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் முதல் வாரம் உற்சாகமாக இருந்துவிட்டு அப்புறம் படுக்க வைக்கிறது. முப்பது வயசுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே போகுமாம். குடம் தூக்கிய பெண்ணின் நினைப்பு மட்டும் மனசில் அப்படியே இருக்கிறது. உடம்பு அந்த உடம்பு இல்லை.

என் அப்பா ஞாபகம் வந்தது. ஹார்பர் வேலை முடிந்து வந்தால் அவருக்குக் குத்துச்சண்டைப் பேச்சுதான். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று திண்ணையில் ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். பழக வருகிற பையனுக்கு எடுத்தவுடன் கை உறை தரமாட்டார்கள், கால் வைக்கவும் கயிறு தாண்டவும்தான் முதலில் விடுவார்கள் என்பார். கேட்டு வளர்ந்த எனக்கே அது மறந்துபோனது.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது டாக்டரைப் பார்ப்பது. பயிற்சி செய்யலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. உன் மாத்திரைச் சீட்டைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் போடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போதோ, முடிந்து சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தொடங்கும் முன் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கு. 250-க்கு மேல் போய் உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். கை எட்டும் இடத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வெறும் வயிற்றில் மிஷின் ஏறாதே. கண் விழித்திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள். சர்க்கரையால் அங்கே ரத்தக்குழாய் கெட்டிருந்தால் எடை தூக்குவது கண்ணுக்கே ஆபத்து.

பி.பி.க்குப் போடுகிற மாத்திரை அட்டெனோலால் மாதிரி இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. அது இதயத் துடிப்பை ஏறவிடாது. டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்தால் ஓர் எண் காட்டுமே, அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடாதே. பேச்சுதான் அளவு. நடக்கும்போது மருமகளோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். பேச்சே துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சர்க்கரை இறங்கினால் வருகிற படபடப்பையும் அந்த மாத்திரை மறைத்துவிடும். குப்பென்று வேர்த்தாலே நின்றுவிடு. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, தலைச்சுற்றல் என்று எது வந்தாலும் கேஸ் என்று ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிற வேலை வேண்டாம். உடனே 108.

அடுத்தது இடம். மிஷினைச் சுவரைப் பார்த்து வைத்து, பின்னால் ஓர் அடியில் பீரோ நிற்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கால் தடுக்கினால் ஓடுகிற பட்டை உன்னைப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளும். பீரோ இருந்தால் உடம்பு அதற்கும் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், பட்டை ஓடிக்கொண்டே தோலை உரிக்கும். பின்னால் ஆறடிக்குக் குறையாமல் காலியாக இருக்க வேண்டும், பக்கங்களிலும் இரண்டடி விடு. கூடத்தில் இடம் இல்லையென்றால் பீரோவை நகர்த்து. எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகாதே. பெரிய பின் பிளக், சரியான எர்த், அதற்கென்று தனியாக ஒரு பாயிண்ட் வேண்டும். சிவப்புச் சாவி ஒன்று கயிற்றோடு இருக்கும், அதன் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஒரு நாளும் ஏறாதே. நீ விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு மிஷினை நிறுத்தும். ஏறும்போது பட்டைமேல் நிற்காமல் இரண்டு ஓரத்திலும் கால் வைத்து நின்று, பட்டை மெதுவாக நகரத் தொடங்கிய பிறகு கால் வை.

பேரனுக்கு மூன்று வயசு. அவன் விழித்திருக்கும் நேரத்தில் மிஷின் ஓடவே வேண்டாம். பட்டை பின்னால் உருளைக்குள் போகிற இடத்தில்தான் குழந்தைகள் கையை வைக்கும். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, அந்தச் சாவியை உன் மாத்திரை டப்பாவோடு உயரத்தில் வைத்துவிடு.

ரப்பர் பட்டையைச் சாதாரணமாக நினைக்காதே. என்னுடையதை வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். நம் ஊர் உப்புக்காற்று உனக்குத் தெரியும், காசிமேட்டுப் பக்கமிருந்து வீசினால் ஆறு மாதத்தில் ஜன்னல் கம்பியே பொரிந்துவிடும். வெயில் வேறு. ஒரு நாள் கதவிடுக்கில் மாட்டி இழுக்கிறேன், படீரென்று அறுந்து இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. ஓர் அங்குலம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அறுந்த இடத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தால், காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி மெல்லிய வெடிப்புகள். முன்னாடியே இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. இப்போது துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விரலால் தடவி, இழுத்துப் பார்த்த பிறகுதான் கையில் சுற்றுகிறேன். முகத்துக்கு நேரே இழுப்பதில்லை.

முதல் பதினைந்து நாளுக்கு உனக்குத் தேவை ஒரு நாற்காலியும் ஒரு சுவரும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுந்திரு, எட்டுத் தடவை. சுவரில் கை ஊன்றித் தண்டால் மாதிரி சாய்ந்து நிமிர், எட்டுத் தடவை. வீட்டுக்குள்ளேயே காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நட. இது போதாது என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் சரியான அளவில்தான் இருக்கிறாய்.

அதற்குப் பிறகு மிஷின். மேடு ஏற்றாமல் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிஷம். பழகப் பழக முதலில் நிமிஷத்தைக் கூட்டு, வேகம் அப்புறம். கடைசி மூன்று நிமிஷம் வேகத்தைக் குறைத்து இறங்கு, சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரக் கணக்கு இல்லை. நான் அங்கே போய்ச் சேர ஐந்து மாதம் ஆயிற்று.

டம்பெல் ஒரு கிலோவில் தொடங்கு. பன்னிரண்டு தடவை தூக்கியும் கடைசி இரண்டு கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை என்றால் மட்டும் அடுத்த எடைக்குப் போ. தூக்கும்போது மூச்சை வெளியே விடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பி.பி. எகிறும். ஒரு நாள் தூக்கினால் மறுநாள் கைக்கு ஓய்வு. மறுநாள் தசை முழுக்க மந்தமாக வலிப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அதைத் தாண்டித் தூக்காதே.

வெறுங்காலில் வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் கொப்புளம் வந்தாலே தெரியாமல் போகலாம். நல்ல ஷூ, பருத்திச் சாக்ஸ், முடிந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார். புடவை, நைட்டி, துப்பட்டா எதுவும் அந்தப் பட்டைக்கு அருகே போகக் கூடாது, நுனி சிக்கினால் ஆளையே இழுக்கும்.

அதனால் உனக்கு இரண்டு செட் நானே தைத்து அனுப்புகிறேன். முட்டிக்கு மேலே நிற்கிற குர்த்தா, கணுக்காலில் பிடித்தாற்போல பேண்ட், சாவிக் கிளிப் மாட்ட இடுப்பில் கெட்டியாக ஒரு பட்டி. துணி எடுத்து வைத்துவிட்டேன், பருத்திதான், உனக்குப் பிடித்த மயில் நீலம். இடுப்பு, கணுக்கால், தோளிலிருந்து முட்டி வரை, இந்த மூன்று அளவையும் எழுதி அனுப்பு. பழைய அளவு என்னிடம் இருக்கிறது, அதை நம்பி வெட்ட மாட்டேன். அளவோடு டாக்டர் சொன்னதையும் எழுது. பீரோ நகர்ந்ததா என்பதையும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தையல்காரத் தோழி