புதைத்த குழாய்க்கும் பராமரிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தபோது, ஒயிட்ஃபீல்டில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடி வளாகத்திலும் புல்தரையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. வளாகத்திலேயே சுத்திகரிக்கும் கழிவுநீரை, மண்ணுக்கடியில் பதித்த சொட்டுநீர்க் குழாய்கள் வழியே பாய்ச்சலாம் என்று முடிவு செய்தோம். அது நல்ல முடிவுதான்; ஏனெனில் தெளிப்பான் வைத்தால் காற்றில் தெறிக்கும் அந்த நீர், இம்முறையில் வேருக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது, குழந்தைகள் விளையாடும் மேல்தரை ஈரமாவதில்லை, வெயிலில் ஆவியாகி வீணாவதும் குறைகிறது. ஆனால் அடுத்த கோடையிலேயே புல் வரி வரியாகப் பழுத்துக் காய்ந்துவிட, "இந்த முறையே உதவாது, பழையபடி ஹோஸ் பிடித்துவிடலாம்" என்று சங்கக் கூட்டத்தில் பலரும் சொல்லத் தொடங்கினார்கள். பழுது முறையில் இல்லை, அதை நாங்கள் பேணிய விதத்தில்தான் இருந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டக்காரர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஊரில் தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டுப் பழகியவர். காய்ந்த வரி ஒன்றில் அரையடி தோண்டி, குழாயில் ஒரு சாண் வெட்டியெடுத்து, நீளவாக்கில் பிளந்து காட்டினார். உட்சுவரெங்கும் விரலில் ஒட்டும் சாம்பல் நிற வழவழப்பு. குழாய் நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும் சொட்டுவானுக்குள் வளைந்து செல்லும் நீர்வழியில் செம்மண் அடைத்திருந்தது. அடுத்த துளையில் மயிரிழை போன்ற ஒரு புல்வேர் நுழைந்து உள்ளே கொத்தாகக் கிளைத்திருந்தது.

மண் வந்த வழியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கும் அது தெரிவதில்லை. மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள நீர் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது; மேட்டில் வெற்றிடம் உண்டாகி, சொட்டுத் துளைகளே சுற்றியுள்ள சேற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன. மேட்டுப் பகுதியில் காற்று வால்வு இருந்தால் அது திறந்து காற்றை உள்ளே விடும், சேறு வராது. எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு வால்வுகூடப் பொருத்தப்படவில்லை. தரைக்கு மேலே போடும் சொட்டுநீரில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். புதைத்த குழாயில் முடியாது.

வழவழப்பு, சுத்திகரித்த நீரில் எஞ்சும் நுண்ணுயிர்கள் படிவதால் வருவது. குழாய்க்குள் போகுமுன் நீரை வடிகட்டும் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள் கொண்ட சல்லடைக்கு நிகரான) டிஸ்க் ஃபில்டரைத் தவறாமல் கழுவுவதும், குழாயின் கடைக்கோடியில் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுமாறு மருந்திடுவதும், அங்குள்ள கழுவு வால்வைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை கழுவிவிடுவதும் அதற்கு மருந்து. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைப் பாய்ச்சுபவர்களுக்குச் சுண்ணாம்பு படிவது கூடுதல் தொல்லை, அதற்கு அமிலம் விட வேண்டியிருக்கும். ஆனால் அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தான நச்சுவாயு கிளம்பும். வேரைப் பொறுத்தவரை தவறு எங்களுடையதே: தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நாட்கணக்கில் புல்லைக் காயவிட்டோம், தாகம் தாங்காத வேர் ஈரம் கிடைத்த ஒரே இடமான துளைக்குள் புகுந்துவிட்டது. கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி விட்டிருக்க வேண்டும்.

மண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது என்பதால் அழுத்தமானியும் நீர்மீட்டரும்தான் நமக்குக் கண். குழாய் பதித்த முதல் நாளிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று எழுதி வைத்திருந்தால், பின்னாளில் அது குறைவதைக் கொண்டு அடைப்பையும், அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடுவதைக் கொண்டு பெருச்சாளி கடித்த உடைப்பையும் புல் வாடுமுன்பே கண்டுபிடித்துவிடலாம். எங்களிடம் அந்தக் கணக்கும் இல்லை, குழாய் எந்த ஆழத்தில் எங்கே போகிறது என்ற வரைபடமும் இல்லை. தோட்டக்காரர் கம்பியால் குத்திக் குத்தித்தான் தேடினார். பயிரிடும் விவசாயிகளுக்கும் இது அப்படியே பொருந்தும், விதை முளைக்கும்வரை மேலிருந்தும் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்குக் கூடுதல் கவனம்.

இப்போது மேட்டுப் பகுதியில் காற்று வால்வுகள் பொருத்தி, அடைத்த வரிகளை மட்டும் மாற்றியிருக்கிறோம். மற்றவை கழுவியதிலேயே சீராகிவிட்டன. இம்முறையை நாடும் குடியிருப்போர் சங்கங்கள், காற்று வால்வு, கழுவு வால்வு, மீட்டர், வரைபடம், முதல்நாள் நீரோட்டக் கணக்கு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் கோடை தொடங்குமுன் இதுபற்றி ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டால் பலருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு.