மேகராகக்குறிஞ்சிக்கு ஒரு மாலை நேரம்

சென்னை சபாக்களின் செயலர்களுக்கு,

வணக்கம். மார்கழிப் பட்டியலை நீங்கள் இறுதிசெய்வதற்குள் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாருக்கு ஒரு மாலை நேரம் கேட்கும் இந்த மடல் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

போன மார்கழியில் ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) ஓதுவார் ஒருவரின் பண்ணிசை (பண் என்றால் பழந்தமிழ் ராகம்) கேட்கப் போயிருந்தேன். காலை பத்து மணி, முக்கால் மணி நேரம், அனுமதி இலவசம். நட்டபாடையில் தொடங்கி, காந்தார பஞ்சமத்தைத் தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடினார். சொல் ஒன்றும் சிதையவில்லை. மிருதங்கக்காரர் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மேகராகக்குறிஞ்சிப் பண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டதும் ஓதுவார் சிரித்தார். "அது இராப்பண் ஐயா, வெயிலில் எப்படி?" என்றார். அதற்குள் நேரம் முடிந்தது என்று மேடைக்குச் சீட்டு வந்துவிட்டது. படித்து மடித்து வைத்துவிட்டு, 'திருச்சிற்றம்பலம்' சொல்லி எழுந்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்த மடல். தேவாரப் பண்களுக்குப் பகல், இரவு, பொது என்று பொழுது வகுத்திருக்கிறார்கள். கொல்லி, சீகாமரம், வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி எல்லாம் இரவுக்கு உரியவை. நீங்கள் ஓதுவாரைக் காலையிலேயே அழைத்தால், அவர் கற்றதில் ஒரு பெரும்பகுதி உங்கள் மேடையில் ஒருநாளும் ஒலிக்காது.

'புலனைந்தும்' என்று தொடங்கும் சம்பந்தரின் திருவையாற்றுப் பதிகம் மேகராகக்குறிஞ்சிதான். இன்று நீலாம்பரியில் பாடுகிறார்கள். முழவு அதிர்வதை இடி என்று நினைத்து மழைக்குப் பயந்த மந்தி, மரமேறி முகிலைப் பார்க்கும் ஊர் அது. திருவையாறு என்றதும் தியாகராஜ ஆராதனை மட்டுமே நினைவுக்கு வரும் நம் ரசிகர்களுக்கு அந்தக் குரங்கையும் ஒருமுறை காட்டலாம்.

தனி ஆவர்த்தனம் முடிந்து கேன்டீன் பக்கம் கூட்டம் நகரும்போது பாடப்படும் விருத்தம்தான் நமக்குத் தேவாரமாகிவிட்டது. பாடகர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது துக்கடா, கச்சேரிக் கடைசியில் வரும் சிறு உருப்படி. ஓதுவாருக்கு அதுவே தொழில். கட்டளைகளை (பதிகங்களின் சந்த அமைப்புகளை) பாடம் செய்யவே அவருக்கு வருடங்கள் ஆகின்றன. கோயில் சம்பளம், எப்போதாவது ஒரு முற்றோதல் (பதிகங்களை முழுதும் ஓதுவது), ஒரு குடமுழுக்கு என்று பிழைப்பு ஓடுகிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி (பழைய முகத்தல் அளவு) நெல் வைத்தான். அது கல்வெட்டிலேயே இருக்கிறது. உங்கள் காலை நேரச் சன்மானத்தை நெல்லாக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சிக்கென்றே கூட்டம் நடத்துகிறது, தெரியும். அதைக் காட்டி மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

நான் கேட்பது ஒரே ஒரு மாலை. ஆறரை மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம், நல்ல வயலின், மிருதங்கம், டிக்கெட்டும் வையுங்கள். எதைப் பாடுவது என்பதை ஓதுவாரிடமே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் சம்பந்தரின் யாழ்முரிப் பதிகத்தை நடுவில் வைப்பேன். அதை யாழில் வாசிக்க முடியாமல், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனதாகக் கதை. வயலின்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கவாவது கூட்டம் வரும்.

எனக்கும் என் மனைவிக்கும் முன்வரிசையில் இரண்டு டிக்கெட். பணத்தை இப்போதே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசையில் மேகராகக்குறிஞ்சி கேட்டவன்