நூர் இனாயத் கானின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கானைப் பற்றி எழுதும்போது வீரமரணத்தோடு நிறுத்திவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் லண்டனுக்கு ரகசியச் செய்தி அனுப்பும் பிரிட்டிஷ் வானொலி உளவாளியாக அவர் பார்த்த வேலையையும் சொல்ல வேண்டும்.

1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் இறங்கினார். செய்தி அனுப்பும் கருவியான அன்றைய சூட்கேஸ் டிரான்ஸ்மிட்டர் சுமார் 15 கிலோ; ஏரியல் கம்பியே பல மீட்டர், அதை மரக்கிளையில் மறைத்துக் கட்ட வேண்டும். ஒரே இடத்திலிருந்து நீண்ட நேரம் மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறியீடு) தட்டினால் ஆபத்து. ஜெர்மானியர் இரண்டு மூன்று இடங்களிலிருந்து சிக்னல் வரும் திசையை அளந்து கோடு போடுவார்கள்; கோடுகள் வெட்டும் தெருவுக்கே வண்டி வந்துவிடும். சில நிமிடங்களில் முடித்து இடம் மாற வேண்டும்.

அக்டோபரில் பிடிபட்டபோது செய்திகளை எழுதிவைத்த நோட்டும் சிக்கியது. அதைக்கொண்டு ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினார்கள். சந்தேகப்படாத லண்டன் தலைமையகத்தின் மீதும் தவறு உண்டு. 1944இல் ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1949இல் பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

பிரெஞ்சுப் போர் நினைவிடம் உள்ள புதுச்சேரியில், பள்ளி மாணவர்களுக்கு இந்த வானொலி வேலையைச் செய்முறையோடு கற்பிக்கலாமே.

– வானொலி ஆர்வலர்கள், புதுச்சேரி