ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், கூட்டங்களும் குறித்தபடியே நடந்தன, அதனால் இந்த ஆண்டு கையில் எடுத்த வேலைக்கே நேராக வந்துவிடுகிறேன்: பாடம் நடக்கும்போதே பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று சட்டென்று எப்படிக் கண்டுபிடிப்பது.

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்லும். முன்வரிசையில் நாலு தலை ஆடியதும் நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கட்டைவிரலை உயர்த்தச் சொல்வதும் என்னைப் பொறுத்தவரை இதே ரகம்தான்; பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பாதி விரல்கள் உயரும்.

அதிகம் பேசப்பட்டது சிலேட்டு முறை. எல்லோரும் விடையை எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்று கணித ஆசிரியை ஒருவர் நம்மிடமே கேட்டுக் காட்டினார். 0.45 என்று எழுதும் பிள்ளை புள்ளியை விட்டுவிட்டு 45, 5 என்று முழு எண்ணாகப் படிக்கிறது, ஆக எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது அந்த விடையிலேயே இருக்கிறது. இதையே 0.3, 0.8 என்று கேட்டிருந்தால் தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளையும் சரியாகவே எழுதியிருக்கும், நாமும் ஏமாந்திருப்போம். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மாஸூர் 1991இல் தொடங்கிய முறையையும் பார்த்தோம்: முதலில் தனியாக விடை, பாதிப் பேர் போலத் தவறினால் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், அப்புறம் மறுபடி விடை. பெரிய வகுப்புக்கும் சரிப்படும், சத்தத்தைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் 1 நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களிலேயே எழுதிவிட்டார். கேட்க எளிது, வகுப்பில் அந்த மௌனத்தைத் தாங்குவது கஷ்டம்.

வகுப்பு முடிவில் ஒரே கேள்விக்குத் துண்டுச்சீட்டில் பதில் வாங்குவதைப் பற்றி, இத்தனை சீட்டை யார் திருத்துவது என்று சிலர் கேட்டார்கள். திருத்தவே வேண்டாம். புரிந்தது, அரைகுறை, புரியாதது என்று மூன்று கட்டாகப் பிரித்தால் போதும், மறுநாள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் அன்றைக்கே காப்பியடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வரும் ஆண்டு ஒவ்வொரு பாடக்குழுவும் மேலே சொன்ன 0.45 மாதிரிக் கேள்விகளை, எந்தத் தப்பான விடை எந்தக் குழப்பத்தைக் காட்டும் என்ற குறிப்போடு, சேர்த்துத் தர வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்