பாலைவனத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் முன்

யாழ்ப்பாணப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பின், உயர்தர வகுப்பு மாணவரை ராஜஸ்தானுக்குக் கூட்டிச்செல்வது எட்டாத காரியமல்ல. அப்படியொரு பயணத்தை யோசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒட்டகச் சவாரிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் முகவர் செருகித் தரும் ஒரு மணி நேரக் கிராமப் பார்வையை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். பஸ்ஸால் இறங்கிப் படமெடுத்து, இனிப்புக் கொடுத்துவிட்டு ஏறும் பிள்ளைக்கு அங்கே யார், ஏன் ஏழையாக இருக்கிறார் என்பது விளங்கப்போவதில்லை. பயணத்தையே வேறு விதமாக அமைத்தால் விளங்கும்.

முதலில் உடம்பு. ஏப்ரல் விடுமுறை வேண்டாம். ராஜஸ்தானின் பாலைவன நகரான ஜெய்சால்மரில் பகல் வெப்பம் 40 பாகையை எட்டும் காலம் அது. டிசெம்பரில் பகல் இதமாக இருக்கும், இரவு 10 பாகைக்குக் கீழே போகும். மணல் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதில்லை, பொழுது பட்டதும் குளிர் ஏறிவிடும். எங்கள் பிள்ளைகளின் அலுமாரியில் கம்பளி உடுப்பு இராது. சுவெட்டர், காதை மூடும் தொப்பி, தடித்த காலுறை மூன்றையும் கட்டாயமாக்குங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவது தெரியாது. தலைக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் ஏற்றுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியைப் பொதியில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிற்றோட்டம் கூடும்.

ஒட்டகம் பின்னங்காலை முதலில் ஊன்றி எழும்பும். மேலே இருப்பவர் முன்னால் சரிவார். படுக்கும்போது முன்னங்காலை முதலில் மடிக்கும். அப்போதும் முன்னால்தான் சரிவார். இரண்டு தடவையும் பின்னுக்குச் சாய்ந்து சேணத்தை இறுக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். ஜெய்சால்மருக்கு அருகிலுள்ள சாம் மணற்குன்றுகளில் ஜீப்பின் பின்பக்கம் நின்றபடி ஓட விடாதீர்கள். கவிழ்ந்தால் நிற்பவர்தான் வெளியே வீசப்படுவார். மணலில் ரயர் காற்றைக் குறைத்து ஓடுவார்கள். தார் வீதியில் ஏறுமுன் திரும்ப நிரப்பினார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

ஏற்றத்தாழ்வைப் படிக்க, நீங்கள் கட்டும் காசின் கணக்கே போதும். பாலைவனத்தில் உங்களைத் தங்கவைக்கும் முகாம்காரரிடம் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ஒட்டகத்தை நடத்துபவருக்கு எவ்வளவு, ஒட்டகம் அவருடையதா, இரவில் பாடுபவர்களுக்குக் கூலி உண்டா, அல்லது பார்ப்பவர் போடும் காசு மட்டும்தானா? அந்தத் தாளை மாணவர் கையில் கொடுங்கள். ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் 3.26 இலட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.13 இலட்சமாகின. 2014இல் அதை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் கொல்வதைத் தடைசெய்து, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டார்கள். உழவு இயந்திரமும் ஜீப்பும் வந்து ஒட்டகத்தின் வேலை போயிருந்த நேரத்தில் ஆண் ஒட்டகத்தின் விலையும் விழுந்தது. பரம்பரையாக அதை வளர்த்த ரைகா சமூகத்தவர்தான் அடிபட்டார்கள். பாடுபவர்கள் மங்கணியார், ராஜபுத்திர வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறையாகப் பாடிவரும் முஸ்லிம் இசைக்குடியினர். அவர்களின் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஜோத்பூரில் தங்கினால் உமைத் பவன் அரண்மனையை வெளியிலிருந்தாவது காட்டுங்கள். வறட்சியில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கவென்று 1929இல் தொடங்கி 1943இல் முடித்த மாளிகை. இன்று அதில் ஒரு பகுதி சொகுசு ஹோட்டல். பஞ்ச நிவாரணம் ஏன் அரண்மனையாக முடிந்தது என்று மாணவர் தங்களுக்குள் வாதாடட்டும்.

புறப்படுமுன் தண்ணீரைப் பற்றி ஒரு வேலை கொடுங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாடு எங்களது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. தீவகத்தில் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. யாருடைய கிணற்றில் யார் அள்ளலாம், யாருக்கு எட்ட நின்று வார்த்தார்கள் என்பதை அம்மம்மா, அப்பப்பாவிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாதவர்களுக்காக 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் இது. இதைத் தெரிந்துகொண்டு போகும் பிள்ளை, குடத்தோடு நடக்கும் பெண்ணைக் கண்டால் அந்த ஊரைப் பழிக்காது. பாலைவனத்துக்கு நீர் கொண்டுவரும் இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர் யார் நிலத்துக்குப் பாய்கிறது, யார் வீட்டுக்கு எட்டவில்லை என்று கேட்கும்.

குழந்தைகளைப் படமெடுக்க வேண்டாம். பேனையும் இனிப்பும் வீதியில் கொடுத்தால் பள்ளி நேரத்தில் பிள்ளைகள் வீதியில் காத்து நிற்பார்கள். எல்லையோர இடங்களுக்கு வெளிநாட்டவருக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. செய்மதித் தொலைபேசியை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம்.

பழைய மாணவர் சங்கத்தினருக்குத் தனியாக ஒன்று. காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போகும் பயணத்தில் ஏற்றத்தாழ்வு பெயர்ப் பட்டியலிலேயே தொடங்கிவிடுகிறது. நாலில் ஓர் இடத்தை உங்கள் நிதியில் ஏற்றுக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது வகுப்பாசிரியரோடு நிற்கட்டும். காலைக் கூட்டத்தில் அறிவித்தால் அந்தப் பிள்ளை வராது. கடவுச்சீட்டு, சுவெட்டர், கைச்செலவு மூன்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பயணச்சீட்டு மட்டும் கிடைத்த பிள்ளை கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடும்.

அன்புடன்,
மாணவர் பயணங்களை ஒழுங்குசெய்யும் யாழ்ப்பாண ஆசிரியர்கள்